சோளகத்துக்கு எதிர்த்திசையில்

ஆனி மாதத்து மன்னாரில் சோளகம் காதை அடைக்க வீசும். மழை மட்டும் வராது. அதே காற்று அந்த நாட்களில் இரத்தினபுரியை ஊறப்போட்டுக்கொண்டிருக்கும். மத்திய மலைநாடு ஈரக்காற்றை மறித்து மேலே தள்ளிக் கறந்துவிடுகிறது. தட்டையான மன்னாரில் மறிக்க ஒரு குன்றுகூட இல்லை. 65,610 சதுர கிலோமீற்றர்தான் இலங்கை. அதற்குள் முட்காடு, உலர்காடு, முகில்காடு, மழைக்காடு நான்கையும் பார்த்துவிடலாம். நான் காற்று வரும் திசையை நோக்கியே புறப்பட்டேன்.

மன்னாரில் உடைமரங்கள் குடை விரித்தாற்போல் தட்டையான தலையோடு நிற்கின்றன. இலை என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும், அவ்வளவு பொடி. இலைக்குச் செலவழிக்காததை எல்லாம் முள்ளுக்குச் செலவழித்திருக்கிறது மரம்: வெள்ளையாக, விரல் நீளத்துக்கு.

மதவாச்சி வீதியில் ஏறியதும் காடு உயர்ந்துவிடுகிறது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி. மாதக்கணக்கில் மழை இல்லாத இடத்தில் இவற்றில் பல இலையுதிர்க்காமல் பச்சையாகவே நிற்பதுதான் ஆச்சரியம். பாலை இலையை மடித்துப் பார்த்தேன். தோல்போலத் தடிப்பு, நுனியில் யாரோ கிள்ளியெடுத்தது மாதிரி ஒரு சிறு வெட்டு. வீதியோரம் பாலைப்பழம் விற்ற ஆச்சி, "பால் வாயில ஒட்டும் தம்பி, கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ" என்றா. ஒட்டத்தான் செய்தது. மஞ்சள் பழம், தேன் இனிப்பு; வில்பத்துக் கரடிகள் இதற்காக மரமேறுவதில் ஒரு குற்றமும் இல்லை.

இந்தக் காட்டுக்குத் தமிழ்நாட்டில் உறவு உண்டு. கோடியக்கரைக் காட்டிலும் பாலைதான் முதன்மை மரம். பாக்கு நீரிணை ஆழமற்றது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களில் இரண்டு கரையும் ஒரே நிலம். உலர்நில மரங்கள் இரு பக்கமும் தங்குதடையின்றிப் பரவின. ஈரக்காட்டு மரங்களுக்கோ அந்த வறண்ட நிலமே கடல் மாதிரி. கடக்க முடியாமல் தென்மேற்கு மூலையில் தனித்துக் கிடந்து வேறு வேறு இனங்களாகப் பிரிந்தன. அந்த மூலையில் உள்ள சிங்கராஜா மழைக்காட்டைத் தீவுக்குள் இருக்கும் தீவு என்று நான் நினைப்பது இதனால்தான்.

அங்கே போகும் முன் ஓட்டன் சமவெளி. 2,100 மீற்றருக்கு மேல். மழைக்கும் மூடுபனிக்கும் இங்கே பஞ்சமே இல்லை. மழை கூடக் கூட இலை பெருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால் இங்கே கணக்கு பிழைத்துவிடும். 'கீன' மரங்கள் குள்ளமாக, முறுக்கிக்கொண்டு, மறுபடியும் அதே குடைத்தலையோடு நிற்கின்றன. இலை சிறிது, தடிப்பு. மன்னாரில் வறட்சி செய்த வேலையை இங்கே குளிரும் காற்றும் செய்திருக்கின்றன. கிளையெல்லாம் பாசியும் தொங்கும் லைக்கனும். அடியில் நெலு: நம் குறிஞ்சியின் பேரினத்தது, அதுவும் 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாய்ப் பூத்து மடிவது. நான் போனது பூக்காத ஆண்டு. உலக முடிவுப் பாறையைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இந்தக் காட்டுக்குள் பத்து நிமிடம் நின்றால் என்ன என்று தோன்றியது.

பெலிகுல் ஓயா வழியே இறங்கி, கலவானை தாண்டிக் குடாவ. சிங்கராஜாவுக்குள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. அட்டைக்கு உப்பு இல்லாமலும் போகக் கூடாது. இங்கே இலைகள் அகலம். நுனியோ வால்போல நீண்டு கூர்ந்திருக்கும். மழை நின்று வெகுநேரம் ஆகியும் அந்த நுனிகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தேங்கினால் இலைமேல் பாசி படியும், வெளிச்சம் குறையும். அதனால்தான் இந்த வடிகால் என்பார்கள். இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கு மேல் இலங்கைக்கே உரியவை. ஹொர, தொரண, பெரலிய எல்லாம் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்தில் இலங்கையில் 50க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ அத்தனையும் வேறெங்கும் இல்லாதவை.

நாங்கள் நடந்த பாதையே 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் இழுத்த பாதைதான். எதிர்ப்புக் கிளம்பி 1977இல் வெட்டு நின்றது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியல். காட்டின் ஓரத்தில் அரணாகக் கரிபியன் பைன் நட்டார்கள். ஆனால் டிப்டெரோகார்ப் விதைகள் கனமானவை, தாய் மரத்தை விட்டு அதிக தூரம் போகாதவை, சில நாட்களிலேயே உயிர் இழப்பவை. பைன் தோப்புக்குள் அவை தாமாக வந்து முளைக்கட்டும் என்று காத்திருந்தால் எந்தக் காலத்தில் நடக்கும்? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி, நிமல் குணதிலக தம்பதியும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் 1990களில் பைன் வரிசைகளை வெவ்வேறு அளவில் எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் மழைக்காட்டுக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில்தான் கன்றுகள் நன்றாக எழும்பின. பைன் நிழல் முழுதாக இருந்தாலும் ஆகாது, ஒரேயடியாக இல்லாவிட்டாலும் ஆகாது.

முறை கைவசம் இருக்கிறது, விதை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் திரும்பும் வழியில் பார்த்த பைன்காட்டில் பெரும்பகுதி நட்டபடியே நிற்கிறது. ஊசியிலைச் சருகுக்கு மேல் கெக்கில்லப் பன்னம்தான் மண்டிக் கிடக்கிறது.