வைத்தவரைக் கேட்டு எடுங்கள்

பழைய கணினியில் இடம் குறையத் தொடங்கினால் அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். திறக்க நேரம் பிடிக்கும். அப்டேட் பாதியில் நிற்கும். சி டிரைவைக் காட்டும் நீலப் பட்டை ஒரு நாள் சிவப்பாகிவிடும். பத்தில் ஒரு பங்குகூடக் காலியாக இல்லை என்று அதற்குப் பொருள். அந்தச் சிவப்பைக் கண்டதும் பலருக்கும் கை பரபரக்கிறது. கண்ணில் படும் பெரிய ஃபோல்டரை அழித்துவிடத் தோன்றுகிறது. அந்தப் பரபரப்பு அடங்கிய பிறகு மவுஸைத் தொடுவதே நல்லது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கணினியையே பார்த்திராத ஒரு மனிதர். வருவாய்த் துறை அலுவலகத்தில் நான் இளம் எழுத்தராக இருந்தபோது பதிவறையைக் கவனித்துக்கொண்டவர். முடிந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆர்.டிஸ் என்றால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டும், டி.டிஸ் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று ஆண்டு, எல்.டிஸ் ஓர் ஆண்டு. காலம் முடிந்த கட்டுகளைக்கூட அவர் பட்டியல் போட்டு, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கழிப்பார். எனக்கோ அந்த நிதானம் பொறுக்காது. தூசி படிந்த காகிதத்துக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டேன். “தம்பி, இந்தக் கட்டை நீயும் வெக்கல, நானும் வெக்கல. வெச்சவன் எதுக்கு வெச்சான்னு தெரியாம எடுக்கக் கூடாது” என்றார்.

அவர் சொன்னது எங்கள் தெரு டீச்சர் வீட்டில் அப்படியே உதவியது. ஓய்வு பெற்றவர். வெகுநாள் முன்பு வாங்கிய கணினி. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. “சார், இது எதையும் சேவ் பண்ண மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்” என்று கூப்பிட்டார். நான் போவதற்குள் மகள் வயிற்றுப் பேரன் களத்தில் இறங்கியிருந்தான். “தாத்தா, விண்டோஸுக்குள்ள வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒண்ணு இருக்கு. இருக்கறதுலயே அதுதான் பெருசு, தூக்கிரலாமா?”

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அந்த ஃபோல்டர் விண்டோஸின் உதிரிப் பாகங்கள் இருக்கும் இடம். அதில் கை வைத்தால் கணினி திறக்காமலே போகலாம். அங்கே உள்ள பல கோப்புகள் வேறு இடத்திலும் அதே கோப்பாகத் தெரிபவை. அதனால் காட்டும் அளவு உண்மை அளவைவிடப் பெரிது. விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரும் அப்படித்தான். அதை அழித்தால் பிறகு மென்பொருள்களை நீக்கவோ புதுப்பிக்கவோ முடியாமல் போகும். இயந்திரம் வைத்ததை இயந்திரத்தின் கையாலேயே எடுக்க வேண்டும்.

அதற்கென்று விண்டோஸ் 98 காலத்திலிருந்தே டிஸ்க் கிளீனப் இருக்கிறது. அதில் சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லி ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பழைய அப்டேட்டுகளின் மிச்சமும் பட்டியலில் வரும். முந்தைய விண்டோஸ் பதிப்பு என்று ஒரு வரி வந்தால் அது பல ஜிபி இருக்கும். அதை அழித்தபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்பதை யோசித்துவிட்டு டிக் செய்ய வேண்டும். விண்டோஸ் 10-இன் சில பதிப்புகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இந்தப் பட்டியலில் நிற்கும். டீச்சரின் டவுன்லோட்ஸைத் திறந்து பார்த்தோம். வீட்டு மனையின் வில்லங்கச் சான்றும் ஓய்வூதியக் காகிதங்களும் அங்கேதான் இருந்தன. அந்த டிக்கைப் பையனே எடுத்துவிட்டான்.

அடுத்தது, பிறர் வைத்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் விட்டுப்போன படங்களும் வீடியோக்களும்தான் பெரும்பகுதியை அடைத்திருந்தன. “மாமா இதையெல்லாம் பாக்கவே மாட்டாரு” என்றான் பேரன். டீச்சர் மகனுக்கே போன் போட்டார். பெரும்பாலானவை தன்னிடம் இருப்பதாகவும், கல்யாண வீடியோவும் அப்பாவோடு எடுத்த படங்களும் மட்டும் வேண்டும் என்றும் அவர் சொன்னார். டிஸ்க் கிளீனப் தந்ததைவிட அந்த ஒரு போன் தந்த இடம் அதிகம்.

வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றினோம். கட் செய்யாமல் காப்பி செய்து, அங்கிருந்தே சிலவற்றைத் திறந்து ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே இங்கே அழித்தோம். ஒரே டிஸ்கில் இருப்பது பாதுகாப்பாகாது, அது கீழே விழுந்தால் எல்லாம் போகும். அதனால் மகனிடமும் ஒரு பிரதி இருக்கும்படி ஏற்பாடு செய்தோம். பென் டிரைவிலும் போட்டுவைக்க விரும்பினார் டீச்சர். கல்யாண வீடியோவை அது ஏற்கவில்லை. ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. பென் டிரைவின் மேல் குற்றமில்லை.

கடைசியாக, டீச்சரே வைத்தது. அதை அவர் மட்டும்தான் தீர்மானிக்க முடியும், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அழித்தவை ரீசைக்கிள் பின்னில் இருக்கும் வரை இடம் திரும்பி வராது. ஆனாலும் நெருக்கடி தீர்ந்திருந்தால், மனம் மாறினால் மீட்டெடுக்க வசதியாகச் சில நாள் விட்டுவைத்துப் பிறகு காலி செய்யலாம். ஷிஃப்ட் சேர்த்து அழித்தாலும் பென் டிரைவிலிருந்து அழித்தாலும் அந்த அவகாசம் கிடைக்காது. அப்படித் தவறி அழித்துவிட்டால் உடனே அந்தக் கணினியில் வேலையை நிறுத்த வேண்டும். ஹார்ட் டிஸ்கில் அழிப்பது பெரும்பாலும் அட்டவணையில் பெயரை அடிப்பதுதான். அந்த இடத்தில் புதிதாக ஏதும் எழுதப்படாத வரை மீட்க வழியுண்டு. எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை மிகக் குறைவு.

வயதாக ஆக எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு பொருளைக் கழிக்கும் உரிமை அதை வைத்தவருக்குத்தான் முதலில். பெரியவர்களின் கணினியைச் சுத்தம் செய்ய உட்காரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இவ்வளவே. அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். சில படங்களைப் பார்த்து அவர்கள் கதை சொல்லத் தொடங்குவார்கள், வேலை ஒரு மணி நேரம் நீளும். அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்குத் தருவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.