மூன்றும் ஐந்தும்

“தம்பி, நாலோட வெட்டிடாதே. பிஜிபி போனா நமக்குத் தெரியாமலே போயிடும்.”

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையம். இரவு ஷிஃப்டின் பொறுப்பாளரான பெண் பொறியாளர், வேலைக்குப் புதிதாக வந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது அருகில் உட்கார்ந்திருந்தேன். வங்கிக் கிளைகளின் ரவுட்டர்களும் ஸ்விட்சுகளும் அனுப்பும் லாக் செய்திகள் இங்குள்ள சர்வரில் வந்து குவிகின்றன. திரை நிற்காமல் ஓடுகிறது. அதைக் குறைக்க இளைஞர் கண்ட வழி, ‘லாக்கிங் ட்ராப்’ அளவை நான்கில் வைப்பது.

இந்த லாக்குகள் வரும் சிஸ்லாக் முறையில் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை நிலைகள். எண் சிறுத்தால் ஆபத்து பெரிது. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதிய ஏற்பாடு இது. நான்கில் வைத்தால் 0 முதல் 4 வரைதான் சர்வருக்கு வரும். மற்றவை புறப்படவே புறப்படா.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஸ்கோ ஸ்விட்சில், மேசையில் இருப்பவர் லேப்டாப் கேபிளைக் கழற்றினால் வரும் ‘லிங்க் டவுன்’ செய்தியின் நிலை 3. திரும்பச் செருகினாலும் 3. கிளையைத் தலைமையகத்தோடு இணைக்கும் பிஜிபி தொடர்பு அறுந்தால் வருவது 5. யாரோ கான்ஃபிகரேஷனுக்குள் போய் வந்தார் என்ற செய்தியும் 5. நான்கில் வெட்டினால் லேப்டாப் கேபிள்கள் எல்லாம் உள்ளே வரும், கிளை துண்டான சேதி வராது. எண் போட்டவர் மென்பொருள் எழுதியவர். காலையில் ஓய்வூதியம் எடுக்க அந்தக் கிளைக்கு வரப்போகிறவர் அவர் கணக்கில் இல்லை.

அந்த அக்கா ட்ராப் அளவை 6-லேயே விட்டார். ஊழியர் மேசைகளுக்குப் போகும் போர்ட்டுகளில் மட்டும் லிங்க் செய்தியை நிறுத்தச் சொன்னார். அப்லிங்க், ஏடிஎம், சிசிடிவி போர்ட்டுகளில் கை வைக்கவில்லை. எந்தக் கிளையில் எந்த போர்ட்டில் என்ன செருகியிருக்கிறது என்று தெரிந்தவரால்தான் இப்படி வடிகட்ட முடியும். அவர் அந்த போர்ட்டுகளின் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செய்திகள் பெரும்பாலும் யூடிபி நெறிமுறையின் 514-ஆம் எண் வழியாக வருகின்றன. வந்து சேர்ந்ததா என்று அனுப்பிய கருவி கேட்பதில்லை. லைன் அறுந்தால், அதைச் சொல்லும் செய்தியும் அதே லைனில்தான் வந்தாக வேண்டும். கருவியின் நினைவகத்தில் ஒரு பிரதி இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் போய்விடும். “கிளைக்குப் போறவர்கிட்ட சொல்லிடு, முதல்ல ‘ஷோ லாக்கிங்’ எடுத்துட்டுத்தான் ஆஃப் பண்ணணும்” என்றார்.

தீர்த்து மூடிய புகார் டிக்கெட்டுகளைத்தான் நிர்வாகம் எண்ணுகிறது. எழாமல் தடுத்த பொய் அலாரங்களுக்குக் கணக்கே இல்லை. இந்த போர்ட் பட்டியலைத் திருத்தும் வேலையை, டிக்கெட்டுகளுக்கு நடுவே திருடிய நேரத்தில் ஷிஃப்டில் இருப்பவர்கள் செய்கிறார்கள். இதற்கென்று ஷிஃப்டில் தனி நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.