இருபது தோட்டா

பொங்கல் இரவு காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் வரதராஜப் பெருமாள், முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத் என்று வழியெல்லாம் மண்டகப்படி ஏற்றுக்கொண்டு, மாட்டுப் பொங்கலன்று எங்கள் பழையசீவரம் மலைமேல் ஏறுவார். பார்வேட்டை என்று பெயர். பிறகு எங்கள் லட்சுமி நரசிம்மரையும் அழைத்துக்கொண்டு பாலாற்றில் இறங்கித் திருமுக்கூடலுக்குப் போவார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் அது. வேட்டை என்று பெயரே தவிர, சின்ன வயதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் திருமஞ்சனமும் பூமாலையும் கரும்புக்கட்டும் ஆற்று மணலில் ஊர்க்கூட்டமும்தான். ஒரு உயிர் விழுந்து பார்த்ததில்லை.

2025இல் பார்வேட்டை முடிந்து நாலாம் நாள், ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் என் கைத்துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும், 25 தோட்டாக்களைத் தனிப் பையிலும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில் அன்றைக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

“பெருமாளே வேட்டைக்கு வந்துட்டு வெறுங்கையா போறாரு. நீ இன்னாத்துக்குடா இதத் தூக்கினு போற?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “பழகிட்டு வரேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இருபத்துநாலு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். வெலிங்டனில் ரெக்ரூட்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றேன். அத்தனை வருடமும் தோளில் கிடந்தது ரைபிள்தான். கைத்துப்பாக்கி எப்போதாவது வருடாந்தரப் பயிற்சியில் கைக்கு வரும். அதுவும் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். கனடாவின் இங்லிஸ் கம்பெனி இரண்டாம் உலகப் போரின்போது செய்த பிரவுனிங் ஹை-பவரை ஒட்டிச் செய்தது. மேகசினில் 13 தோட்டா பிடிக்கும். அதை வைத்து நான் சுட்ட மொத்தத் தோட்டாக்களை இரண்டு கை விரல், கால் விரலைச் சேர்த்தால் எண்ணிவிடலாம். ஆனால் ஊரில் அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. பட்டாளத்தார் என்றால் எதை எடுத்தாலும் குறி தப்பாது என்பது ஊர் நம்பிக்கை. உண்மையைச் சொன்னால், அந்த நம்பிக்கை எனக்கும் ஒட்டியிருந்தது.

ஆற்றோரம் நிலத்திலேயே வீடு. அக்கம்பக்கம் கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை. ஓய்வுக்குப் பிறகு தற்காப்புக்கென்று லைசென்சுக்கு மனு போட்டேன். விசாரணை, கையெழுத்து, மறுபடி விசாரணை என்று நாள் போய், ஒருவழியாகக் கிடைத்தது. 9 எம்.எம். தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அனுமதிக்கப்பட்டதில் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 ரகம்தான். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளை மக்கள் இறக்குமதி செய்வது 1980களில் நின்றுபோனது. அதற்குமுன் வந்த பழைய துப்பாக்கிகள் இன்றைக்குப் பல லட்சத்துக்குக் கைமாறுகின்றன. ஐம்பது வருடத்துக்கு முந்திய துப்பாக்கிக்கு ஒரு ஏக்கர் நிலத்தின் விலையா என்று எனக்கு வயிறு எரிந்தது. உள்நாட்டில் செய்த, இருப்பதிலேயே மலிவான .32 ஒன்றை வாங்கினேன். வரியோடு சேர்த்து ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. பென்ஷன்காரனுக்கு மலிவு என்று சொல்லக்கூடிய தொகை இல்லை. ஆனாலும் கடையில் இருந்ததில் அதுதான் மலிவு.

2024 பிப்ரவரியில் வாங்கியது. மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும் என்பது நடைமுறை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் உத்திரமேரூரில், குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த சீமை இது. தேர்தல் நேரத்தில் ஆயுதம் வீட்டில் வேண்டாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரு தோட்டாகூடச் சுடாத புதுத் துப்பாக்கி ஜூன் வரை காவல் நிலைய அலமாரியில் இருந்தது. திரும்பி வந்தபின் கிளப்பில் உறுப்பினராகி, அனுமதி பெற்று, நாள் கிடைப்பதற்குள் தை பிறந்துவிட்டது.

சுடுதளத்தில் பயிற்சி கொடுப்பவர் ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெட்டியைத் திறந்ததும், “சுபேதார் சார், மொதல்ல காலியான்னு காட்டுங்க” என்றார். கடையிலிருந்து வந்தது முதல் தோட்டாவே பார்க்காத துப்பாக்கி அது. இருந்தாலும் காட்டினேன். காட்டிய வரிசை சரி என்று தலையசைத்தார்.

அந்த வரிசையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். இந்த ரகத் துப்பாக்கியில் தவறுதலாக உயிர் போவது பல சமயம் அங்கேதான். ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அரைத் தானியங்கியில் அப்படி இல்லை. மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று பார்ப்பவனுக்குத் தோன்றும். ஆனால் குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். முதலில் மேகசினை உருவவேண்டும். பிறகு துப்பாக்கியின் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். உள்ளே கண்ணால் பார்க்கவேண்டும், சுண்டுவிரலால் தொட்டும் பார்க்கவேண்டும். இதையே மாற்றி, ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினை உருவினால் என்ன ஆகும்? உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்ததைக் குழலுக்குள் தள்ளிவிடும். விழுந்த தோட்டாவைத் தரையில் பார்த்தவன் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பான். செய்தது இரண்டே வேலை, வரிசைதான் மாறியது.

பத்து மீட்டரில் தாள் டார்கெட். ஐந்து தோட்டா நிரப்பி, கையை நீட்டி, மூச்சை அடக்கி முதல் தோட்டாவைச் சுட்டேன். சின்னத் தோட்டாதானே என்று நினைத்திருந்த எனக்கு, கையில் விழுந்த வெடுக்கென்ற அடி ஆச்சரியம். 9 எம்.எம்.மில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் வரும். அந்த அடி கையில் தள்ளுவது போலிருக்கும். என்னுடையதில் பூட்டு இல்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் பலமும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. துப்பாக்கியும் இலேசு. அதனால் அடி சுருக்கென்று விழுகிறது. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் 1899இல் பெல்ஜியத்துக் கம்பெனிக்காக வடிவமைத்த தோட்டா இது. நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அளவு மாறவில்லை.

பிரவுனிங் என்ற பெயர் தமிழ்நாட்டு வரலாற்றில் பதிந்தது 1911 ஜூன் 17இல். மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயில் பெட்டிக்குள் ஏறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரவுனிங் கைத்துப்பாக்கியால். சுட்டுவிட்டு ஓடி, அதே துப்பாக்கியால் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியவர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கவனித்ததில்லை. இப்போது என் கையில் ஒன்று வந்தபின் அந்த ‘பழகியவர்’ என்ற சொல்தான் மனதில் நிற்கிறது. ஒரு பெட்டியின் அகலத்துக்குள் நடந்த காரியத்துக்கே பழக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

முதல் ஐந்தையும் சுட்டு முடித்துத் தாளைப் பார்த்தேன். ஐந்தும் சோற்றுத் தட்டு அகலத்தில் சிதறி, எல்லாமே நடுவுக்குக் கீழே இடப்பக்கமாக விழுந்திருந்தன. சைட் சரியில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மலிவுச் சரக்கு என்ற எண்ணம் தலையில் ஏறியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. “அடுத்த அஞ்சு போடுங்க” என்றார்.

அடுத்த ஐந்தில் மூன்றாவது தோட்டாவோடு துப்பாக்கி நின்றுவிட்டது. பட்டாளத்தில் இதை ‘ரோக்’ என்போம். ஸ்லைடு பாதியில் நிற்கிறது, தோட்டா ஏறமாட்டேன் என்கிறது. மேகசினை உருவிப் பார்த்தார் பெரியவர். .32 தோட்டாவின் அடிவிளிம்பு உடம்பைவிட ஒரு மயிரிழை அகலமாக இருக்கும். மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்கும்படி வைக்கவேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்ளும். 9 எம்.எம். தோட்டாவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நான் அந்தப் பழக்கத்தில் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கித் திணித்திருக்கிறேன். நிரப்பியது நான், நின்றது துப்பாக்கி. சரியாக அடுக்கி நிரப்பியபின் கடைசிவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு மேகசினை அவரே நிரப்பினார், என் கண்ணில் படாமல். ஐந்து உயிர்த் தோட்டாவுக்கு நடுவே வெடிக்காத இரண்டு போலித் தோட்டா. எது எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை விசையை இழுத்தேன். ‘டிக்’ என்று சுத்தியல் விழுந்தது, வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு கீழே இடப்பக்கம் குத்திச் சாய்ந்தது. வெடிப்பே இல்லை, அதிர்ச்சியே இல்லை. அப்படியும் என் மணிக்கட்டு தானாகக் குனிந்தது. வரப்போகும் சத்தத்துக்குப் பயந்து, அதற்குமுன்பே கை அதைத் தள்ளியிருக்கிறது.

அந்த நிமிடம் எனக்கு முகம் சுட்டது. பயிற்சி முகாமில் எத்தனை பையன்களுக்கு நான் உஸ்தாதாக நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: மஸ்பூத் பக்கட், துருஸ்த் ஷிஸ்த், டிரிகர் ஆபரேஷன். கெட்டியான பிடி, சரியான குறி, விசையை நோகாமல் இழுப்பது. ரைபிளில் தோளும் கன்னமும் இடது கையும் சேர்ந்து தாங்குகின்றன. கைத்துப்பாக்கியில் அத்தனை தாங்கலும் கிடையாது. மணிக்கட்டும் ஒரு விரலும்தான். மனதில் ஓடுவது அப்படியே குழல் முனைக்கு வந்துவிடுகிறது. பெரியவர் சொன்னார்: “துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு சார். விரல்தான் அவசரப்படுது.”

கடைசி ஐந்துக்கு முன் அரை மணி நேரம் வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விசை இழுத்துப் பழகினேன். விசை கொஞ்சம் கடினம்தான். விலையுயர்ந்த துப்பாக்கிகளில் இருக்கும் வழுவழுப்பு இதில் இல்லை. முன்சைட் சின்னது, என் வயதுக் கண்ணுக்கு மங்கல். பிடி என் உள்ளங்கைக்குச் சற்றுக் குட்டை, சுண்டுவிரல் வெளியே தொங்குகிறது. குறை என்று சொன்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். சரியாக நிரப்பியதும் எல்லாத் தோட்டாவையும் வெடித்தது, எல்லா வெற்றுக் கூட்டையும் வெளியே எறிந்தது. கடைசி ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நான்கு நடுவில், ஒன்று மறுபடி கீழே இடப்பக்கம். அந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை.

வெற்றுக் கூடுகளை எண்ணிப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். இருபது. என் லைசென்சில் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள 25 தோட்டா, வருடத்துக்கு 50 என்று எழுதியிருக்கிறது. வாங்கும்போது கடைக்காரர் எண்ணிக்கையைப் பதிந்துதான் தருவார். ஒரே காலையில் வருடப் பங்கில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அமெரிக்காவில் புதுத் துப்பாக்கி வாங்கியவர் முதல் நாளே நூறு, இருநூறு சுட்டுப் பார்ப்பது சாதாரணம். அந்த நாட்டில் துப்பாக்கி மலிந்து கிடப்பதால் வரும் சாவுகளைச் செய்தியில் பார்க்கிறோம், அது நமக்கு வேண்டாம். நம் சட்டம் இறுக்கமாக இருப்பதே நல்லது என்று முழுமனதோடு சொல்கிறேன். ஆனால் தோட்டாவை இறுக்கிப் பிடிக்கிறார்களே தவிர, லைசென்ஸ் வந்தபின் பழக்கத்தை யாரும் கேட்பதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள், எண்ணைச் சரிபார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரர்கள் யாரிடமும் கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்று கேட்டதில்லை. அவர்களில் ஒருவர் பதினெட்டு வருடமாகப் பீரோவில் துணி சுற்றி வைத்திருக்கிறார். வாங்கிய அன்று நிரப்பிய தோட்டாக்கள் இன்னும் மேகசினிலேயே இருக்கின்றன. பட்டாளத்தில் இருபத்துநாலு வருடம் இருந்த என் விரலே இப்படி அவசரப்படுகிறது என்றால், நடுராத்திரியில் நாய் குரைக்கும்போது அந்தப் பீரோவைத் திறக்கும் கை என்ன செய்யும்?

சாயங்காலம் திண்ணையில் சாக்கை விரித்து, புல்த்ரூ கயிற்றில் துண்டுத் துணி கட்டிக் குழலைத் துடைத்தேன். கரி போகப் போகத் துணி வெளுத்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நல்லா சுட்டியாடா?”

“இல்லம்மா. என் கை ஆடுது. அது அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது.”

அம்மா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப மறுபடி போய்ட்டு வா” என்றார்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். காவல்துறையின் சுடுதளத்தை வருடத்துக்கு ஒரே ஒரு நாள் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுங்கள். பத்துத் தோட்டா அவர்கள் செலவிலேயே சுடட்டும். துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசையை ஒரு காவலர் முன்னால் செய்து காட்டட்டும். செய்யத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தபின் லைசென்சைப் புதுப்பியுங்கள். வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்களே, அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பீரோவைத் திறந்து, முனையை வெற்றுச் சுவர்ப்பக்கம் வைத்து, முதலில் மேகசினை உருவுங்கள். பிறகு ஸ்லைடை இழுத்து உள்ளே பாருங்கள்.