கோணல் தலை ரேசர்

1993ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டுக்குத் தாடி பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. ஒமாஹா நகரில் டாமினோஸ் பெயரில் பீட்சா விற்ற நிறுவனம், ஊழியர்கள் முகத்தை மழுங்கச் சிரைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த ஒரு கறுப்பினத்தவர் தாடியை எடுக்கவில்லை, வேலை போயிற்று. பிடிவாதம் ஒன்றும் இல்லை, சிரைத்தால் அவருக்கு முகம் புண்ணாகிவிடும். தாடி வைத்தவர் வந்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று நிறுவனம் சொன்ன காரணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு அட்லாண்டாவில் பன்னிரண்டு கறுப்பினத் தீயணைப்பு வீரர்கள் இதே தோல் தொல்லையைச் சொல்லி வழக்காடினார்கள். அவர்கள் தோற்றார்கள். புகைக்குள் போகும்போது மாட்டும் சுவாச முகமூடி தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவே முடி இருந்தால் காற்று கசியும் என்ற வாதம் வென்றது.

பீட்சா கொடுப்பவர் ரேசரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். தீயணைப்பு வீரரால் முடியாது. ராணுவத்திலும் அப்படித்தான்: மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சவரத்திலிருந்து விலக்கு என்ற பழைய சலுகையை 2025இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இறுக்கிப் பிடித்தது. ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் விலக்குக் கேட்பவரைப் பணியிலிருந்தே அனுப்பிவிடலாம் என்கிறது புதிய விதி. எந்த ரேசர் வாங்குவது என்ற கேள்வி ஓய்வுநேரப் பொழுதுபோக்குபோலத் தோன்றலாம். சுருள் தாடிக்காரர் சிலருக்கு அது சம்பளத்தைப் பற்றிய கேள்வி.

இந்தத் தோல் தொல்லைக்கு மருத்துவத்தில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று பெயர். வாயில் நுழையாததால் எல்லோரும் ரேசர் பம்ப்ஸ் என்கிறார்கள். கறுப்பின ஆண்களில் 45 முதல் 83 விழுக்காடு வரை இது வரும் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. சுருண்ட, தடித்த தாடி உள்ள எவருக்கும் வரலாம்; தாடைக்குக் கீழே, கழுத்து மடிப்பில் கறுத்த பொரிகளோடு நம் ஊரிலும் பலர் நடமாடுகிறார்கள். வெயில் என்றும் சோப்பு என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நடப்பது விளங்கும். நேர்முடி தோலுக்கு வெளியே வந்ததும் தன் போக்கில் நீண்டுகொண்டே போகும். சுருள்முடியின் மயிர்க்காலே தோலுக்குள் வளைந்திருக்கும். அதிலிருந்து வருகிற முடி சற்று நீண்டதும் வளைந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி தோலைக் குத்தி உள்ளே இறங்கும். பிளேடு சீவிவிட்ட நுனி ஊசிபோலக் கூர்மையாக இருப்பதால் இறங்குவதும் எளிது. உடம்புக்கு அது தன் முடி என்று தெரியாது. முள் தைத்துவிட்டதாகவே எண்ணிச் சண்டைக்கு வரும்: சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து ஒட்டச் சிரைக்கும்போது வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே பின்வாங்கிவிடும். பிறகு வெளியே வர வழி தேடாமல் மயிர்க்காலின் சுவரையே துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் வளரும்.

இந்த இரண்டாவது விபத்தை விலை கொடுத்து வாங்கும் வசதியைத்தான் ரேசர் தொழில் ஐம்பது ஆண்டுகளாக மெருகேற்றி வந்திருக்கிறது. ஜில்லெட் 1971இல் டிராக் டூ என்று இரட்டைப் பிளேடு கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைக் கவ்விச் சற்றே மேலே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டும் என்பதே கணக்கு. 1975இல் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சி தன் முதல் ஒளிபரப்பிலேயே மூன்று பிளேடு ரேசருக்கு ஒரு கேலி விளம்பரம் போட்டுச் சிரிக்க வைத்தது. 1998இல் மாக் த்ரீ நிஜமாகவே வந்துவிட்டது. 2006இல் ஃபியூஷன் ஐந்து பிளேடோடு வந்தது. கன்னத்தைத் தடவினால் வழுவழுவென்று இருக்கும். நேர்முடிக்காரருக்கு அது சுகம். சுருள்முடிக்காரருக்கோ அந்த வழுவழுப்புதான் மூன்றாம் நாள் பொரிகளாகத் திரும்பி வரும்.

ஆகவே ஒற்றைப் பிளேடுக்குத் திரும்புங்கள் என்று சொன்னவர்களில் டிரிஸ்டன் வாக்கர் முக்கியமானவர். கறுப்பினத்தவரின் முடியையும் தோலையும் மனத்தில் வைத்து 2013இல் அவர் தொடங்கிய நிறுவனம் பெவல் என்ற பெயரில் பழைய பாணி இரட்டை விளிம்பு ரேசரை (ஒரே பிளேடு, இரு பக்கமும் கூர்) விற்றது. 2018இல் அதை வாங்கியது ப்ராக்டர் அண்ட் கேம்பிள், அதாவது 2005 முதல் ஜில்லெட்டின் முதலாளி. ஐந்து பிளேடை விற்பவரே அதற்கு மாற்றையும் விற்கிறார். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

பெவலின் தலை நேரானது. அதிலிருந்து ஒரு படி தள்ளி நிற்பதுதான் கோணல் தலை கொண்ட ஸ்லான்ட் ரேசர். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கத்திக்கும் கத்திரிக்கோலுக்கும் பேர்போன அந்த ஊரின் பெயரைக் கண்டவர்கள் பொருள்மேல் பொறிக்கக் கூடாது என்று 1938இலேயே சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். முல்குட்டோ, ஃபாசான் போன்ற ஜெர்மன் பெயர்களில் அந்தக் காலத்திலேயே கோணல் தலை ரேசர்கள் வந்தன. 1934இல் வால்டர் புஷ் தொடங்கிய வால்புஷ் நிறுவனம், பேக்கலைட்டில் செய்த கூனல் முதுகு ரேசரைத் தபாலில் அனுப்பி விற்றது. இன்று அதே நிறுவனம் ஆண்களுக்குச் சட்டை விற்கிறது! மற்றவை பழம்பொருள் சேகரிப்பவர்களின் அலமாரிக்குப் போய்விட்டாலும், சோலிங்கனின் மெர்க்கூர் மட்டும் 37சி, 39சி என்ற இரண்டு மாதிரிகளை இன்றும் செய்துவருகிறது.

முதன்முறை 37சியைக் கையில் எடுப்பவர், கீழே விழுந்து நசுங்கிய உருப்படியைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைப்பார். கைப்பிடி நேராக நிற்கும். தலையின் ஒரு முனை தூக்கியும் மறுமுனை தாழ்ந்தும் இருக்கும். மறுபக்கம் திருப்பினாலும் கோணல் அதேபோலத்தான் தெரியும். பிளேடைப் போட்டுத் திருகி இறுக்கும்போது இன்னும் வேடிக்கை: தட்டையாகப் போன பிளேடு மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே முறுக்கிக்கொள்ளும். நுனியிலிருந்து நுனிவரை பிளேடு வெளியே நீட்டும் அளவு ஒன்றுபோல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. சரியாக உட்காராத பிளேடு நேர் ரேசரிலேயே கிழிக்கும். இதில் கேட்கவே வேண்டாம்.

கோணல் எதற்கு? அரிவாள்மனையில் வாழைக்காயை வைத்து நேரே அழுத்துபவர் யாரும் இல்லை. சற்று இழுத்தாற்போலத் தள்ளினால்தான் வில்லை வில்லையாக விழும். அழுத்தி வெட்டுவதைவிட இழுத்து அறுப்பதற்குக் குறைந்த விசை போதும். கோணல் தலை அந்த இழுப்பை ரேசருக்குள்ளேயே வைத்துவிடுகிறது; கையை நேராகக் கீழே இறக்கினாலும் விளிம்பு முடியைக் குறுக்காகவே சந்திக்கும். ஸ்லான்ட் விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் விளக்கம் இது. பொய்யில்லை, ஆனால் சாய்வு சில டிகிரிதான் என்பதால் இதை மட்டும் வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. அதைவிட முறுக்குக்கே பெருமை சேர வேண்டும். இரட்டை விளிம்புப் பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய தகடு தடித்த முடியில் மோதும்போது அதிரும். அதிர்கிற பிளேடு முடியை வெட்டுவதற்கு முன் பிடித்து இழுக்கும். முறுக்கிய தகடு விறைத்து நிற்பதால் அந்த இழுப்புக் குறைகிறது. சுருள்முடிக்கு வேண்டியது இதுதான்.

சாய்த்து வெட்டினால் நுனி இன்னும் கூராகி, இன்னும் எளிதாகக் குத்தாதா என்று ஒரு சந்தேகம் எழலாம். நியாயமான சந்தேகம். ஆனால் நுனி கூராவது முடி தோல்மேல் சாய்ந்து கிடப்பதால். பிளேடு தோலை ஒட்டிப் போகிற தளம் நேர் ரேசரிலும் கோணல் ரேசரிலும் ஒன்றுதான். அந்தத் தளத்துக்குள் விளிம்பு சற்றுத் திரும்பியிருப்பதால் நுனியின் வடிவம் மாறிவிடாது.

உண்மையான ஆபத்து வேறு. ஸ்லான்ட் நன்றாக வெட்டும். நன்றாக வெட்டுவதால் இன்னும் ஒரு தடவை, இப்போது எதிர்வாக்கில், அப்புறம் குறுக்கே என்று ஆசை வளரும். அப்படிச் செய்தால் ஐந்து பிளேடு ரேசர் விட்ட இடத்தில்தான் இதுவும் கொண்டுவந்து நிறுத்தும். சுருள் தாடிக்காரர் இதை வாங்குவதில் ஒரே ஒரு லாபம்தான் உண்டு: மற்ற ரேசரில் மூன்று தடவையில் ஆகும் வேலையை இதில் ஒரே தடவையில், முடி வளர்ந்த வாக்கில், கை பாரம் கொடுக்காமல் முடித்துக்கொள்ளலாம். முடித்ததும் தாடையைத் தடவினால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். தோல் மருத்துவர்கள் இவர்களுக்கு மின்சார கிளிப்பரைச் சொல்வதும் இதற்காகவே. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை முடியை விட்டுவைத்தால் நுனி தோலுக்குள் திரும்ப வாய்ப்புக் குறைவு. கிளிப்பர் போதும் என்கிற வேலையில் இருப்பவர் ரேசர் பக்கமே வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே பொரி கிளம்பிய முகத்துக்கு எந்த ரேசரும் ஆகாது. சுமார் நான்கு வாரம் சவரத்தை நிறுத்தினால், மாட்டிக்கொண்ட முடிகளில் பெரும்பாலானவை நீண்டு தாமாகவே விடுபடும். வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கட்டத்தைத் தாண்டி வாங்கப் போகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது விலையும் பளபளப்பும்தான். பார்க்க வேண்டியது இடைவெளி, பிளேடு விளிம்புக்கும் பாதுகாப்புப் பட்டைக்கும் நடுவே உள்ளது. அது அகலமாக இருந்தால் நான்கு நாள் தாடியையும் ஒரே இழுப்பில் எடுக்கும், தோலையும் சேர்த்து. மென்மையான தோலுக்குக் குறுகிய இடைவெளியே சரி. கனமும் பார்க்க வேண்டும். 39சியின் கைப்பிடி தடித்துக் கனமாக இருக்கும். கனம் தானே வெட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். பழகிய கைக்கு அது உண்மை, கழுத்து மடிப்பில் தடுமாறுகிற கைக்கு இல்லை. அதனால் முதலில் வாங்குபவருக்கு 37சி போன்ற இலகுவானதே ஏற்றது. இத்தாலிய ஃபாடிப் நிறுவனம் லோ ஸ்டோர்டோ என்ற ஒன்றைச் செய்கிறது. சீனத்து யாச்சியின் கோணல் தலைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. சில மாதிரிகள் பிளேடை முறுக்காமல், தட்டையாகச் சாய்த்து மட்டும் வைக்கும். அவற்றில் முறுக்கின் விறைப்புக் கிடைக்காது. கூனல் முதுகு மாதிரிகள் பிளேடை நன்றாக வளைத்துப் பிடிப்பதால் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

கையில் பிடிக்கும்போது புதியவர் செய்யும் பிழை ஒன்றே. தலை கோணலாக இருக்கிறதே என்று கைப்பிடியைச் சாய்த்து அதை நேராக்கப் பார்ப்பார். கைப்பிடி நேராகவே இருக்கட்டும், கோணலைத் தலை பார்த்துக்கொள்ளும்.

ரேசருக்கு முன்னதாகத் தண்ணீருக்கு வேலை இருக்கிறது. உலர்ந்த முடி விறைப்பானது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் மென்மையாகிவிடும். குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது இதனால்தான் சுகம். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையைவிட, பிரஷ்ஷைச் சோப்பில் சுழற்றி எடுத்த நீர்ச்சத்துள்ள நுரையே பிளேடு வழுக்கிச் செல்ல உதவும். முடி எந்த வாக்கில் வளர்கிறது என்பதை இரண்டு நாள் தாடியில் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் சிலருக்கு மேல்நோக்கி, தொண்டைக்குழி அருகே சுழியாக என்று ஒரே முகத்தில் மூன்று திசை இருக்கும். அதை அறியாமல் கழுத்தில் மேலிருந்து கீழே இழுப்பவர் எதிர்வாக்கில் சிரைத்துக்கொண்டிருப்பது தெரியாமலே சோப்பை மாற்றிக்கொண்டிருப்பார்.

கடைசியாகப் பிளேடு. எம்ஐடியில் ஜியான்லூகா ரோசியோலி என்ற ஆய்வாளர் தன் முகத்தையே சிரைத்து, அந்தப் பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவரும் செம் தாசன் குழுவினரும் 2020இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு இது: எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, எஃகின் விளிம்பைச் சில்லுச் சில்லாக உடைத்துவிடுகிறது. செங்குத்தாக நிற்காமல் வளைந்து கொடுக்கும் முடியே அதிகம் உடைக்கிறது. தோல்மேல் படிந்து கிடக்கும் சுருள்முடிக்கு இது நன்றாகப் பொருந்தும். நம் ஊர் சலூனில் ஒவ்வொரு ஆளுக்கும் பிளேடைக் காகிதத்தோடு ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவது தொற்று பயத்தால் வந்த பழக்கம். முடிவெட்டுபவர் அறியாமலே சுருள் தாடிக்காரருக்கு அதில் ஒரு நன்மையும் செய்துவிடுகிறார். வீட்டில் ஒரு பிளேடையே வாரக் கணக்கில் ஓட்டுபவருக்கு, எவ்வளவு நல்ல ஸ்லான்ட்டை வாங்கினாலும், சில்லு உடைந்த விளிம்பு முடியை இழுக்கத்தான் செய்யும். ஜப்பானிய ஃபெதர் முதல் உள்ளூர்ப் பெட்டிக்கடைப் பிளேடு வரை இந்த ரேசரில் எல்லாம் பொருந்தும், விலையும் அதிகமில்லை. மூன்று நான்கு சவரத்தோடு அதைக் காகிதத்தில் சுற்றிப் பழைய தகர டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிரிக்கலாம்.