கன்றைக் காப்பாற்றும் கை

சங்யுத்த நிகாயத்தில் வனரோப சூத்திரம் என்று சிறியதொன்று உண்டு. தோப்பு வைத்தவருக்கும் கிணறு வெட்டியவருக்கும் இரவும் பகலும் புண்ணியம் வளரும் என்கிறார் புத்தர். நாற்றுமேடை வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். புண்ணியம் வளர வேண்டுமானால் கன்று உயிரோடு இருக்க வேண்டுமே! 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மலைகளைச் சரித்துப்போட்ட பிறகு, மரம் நட எல்லோருக்கும் ஆசை வந்திருக்கிறது. நட்டபின் பார்க்கத்தான் ஆள் குறைவு.

பலாக்கொட்டையைக் காயவைத்து எடுத்துவைக்காதீர்கள், முளை செத்துப்போகும். பழம் வெட்டிய கையோடு கழுவி ஊன்றுங்கள். நா மர விதையும் பழசானால் உதவாது. பைக்கு மேல்மண், மணல், மக்கிய சாணம் போதும். வேர் பையின் அடியைத் தொட்டால் நட்டுவிட வேண்டும். தாமதித்தால் ஆணிவேர் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் சரிவில் மண்ணைப் பிடிக்காது. பெருங்காற்றில் மரமே பெயர்ந்து வரும்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த சீயா (தாத்தா) ஒருநாளும் தண்டைப் பிடித்துக் கன்றைத் தூக்கமாட்டார். இடக்கை பையின் அடியில், வலக்கை மண்ணை அணைத்தபடி. குழிக்குள் இறக்கிப் பையை உருவினால் மண்கட்டி உதிராது. உருவிய பையைக் கழுவி உலர்த்தி மறுபடி நிரப்புவார். அப்போதெல்லாம் ஆனந்த தேரர் உதேன மன்னனுக்குச் சொன்ன விளக்கம் அவர் வாயில் வரும்: பிக்குகளின் பழைய காவித்துணியான சீவரம் விரிப்பாகி, கால்மிதியாகி, தூசு தட்டும் துணியாகி, கடைசியில் சேற்றோடு குழைந்து சுவர்ப்பூச்சாகும். பிக்குகளுக்கே அவ்வளவு சிக்கனம் என்றால் நமக்கு எவ்வளவு வேண்டும் என்பார்.

நடுவதில் மட்டுமல்ல, பிடுங்குவதிலும் கவனம் வேண்டும். கண்டி தலதா மாளிகைக்குப் பின்னாலிருக்கும் உடவத்தகெலே காடு 1938 முதல் சரணாலயம். உள்ளே ஆரண்ய குடில்கள் உண்டு. வெளிநாட்டுப் பல்சம் மரத்தின் கன்றுகள் அங்கே தரையை மூடி நம் மரங்களை எழும்ப விடுவதில்லை. மண் தோண்டவும் செடி வெட்டவும் விநயம் என்ற துறவு விதி பிக்குகளை விடாது. ஆகவே அந்த வேலைக்கு நம் போன்றவர்கள்தான் வேண்டும், அதுவும் அனுமதியோடு மட்டும். பிடுங்கும் முன் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புள்ளியும் கோடுமாக ஒளி ஊடுருவினால் பல்சம். தெரியாவிட்டால் கை வைக்காதீர்கள். நம் மரக் கன்றொன்று தவறிப் போய்விடும்.

வெசாக் மாத மழைக்குக் கன்று வாங்க வருபவர்கள், அடுத்த பெப்ரவரி, மார்ச் வெயிலில் யார் தண்ணீர் சுமப்பது என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.