காண்டஸா எஞ்சின் போட்ட அம்பாசிடர்

பழைய கார் தேடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எஞ்சின் வேற மாடலோடதாம். வாங்கலாமா?" என்று கேட்டார். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நான் அப்படி ஒரு வண்டியை எட்டு வருஷம் ஓட்டியவன். அதை எழுதிவிடுகிறேன், அவரும் படித்துக்கொள்ளட்டும்.

1996 தை மாதம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விளங்கவில்லை, பேச்சு குழறியது. நான் அப்போது கரூரில் வங்கியில் இருந்தேன். திருச்சி டாக்டர் வாரம் ஒரு தடவை கூட்டி வரச் சொல்லியிருந்தார். கரூரிலிருந்து குளித்தலை வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். பஸ்ஸில்தான் போனோம்.

இதில் ஒரு சங்கடம். அப்பா அதே கரூர் - திருச்சி ரோட்டில் 31 வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பஸ் நின்றதும் இரண்டு பேர் இறங்கி வந்து அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றுவார்கள். முன் சீட்டைக் காலி செய்து கொடுப்பார்கள். அத்தனையும் அன்பால் செய்ததுதான். ஆனால் அப்பா ஒருத்தர் முகத்தையும் பார்க்க மாட்டார். திருச்சி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருப்பார். நாலாவது வாரம், "இனி கார் ஒண்ணு பாத்துடலாங்க" என்று என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

கையிருப்பும் வங்கியில் கிடைக்கிற வண்டிக் கடனும் சேர்த்து 70,000 ரூபாய் தேறும். மாருதி 800 பற்றி நினைக்கவே இல்லை. அதில் குனிந்து, மடங்கி, பள்ளத்தில் உட்காருவதுபோல் உட்கார வேண்டும். அம்பாசிடரில் பின் கதவு அகலம், சீட் நாற்காலி உயரம். கால் வராதவரை முதலில் உட்காரவைத்து, பிறகு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். வீட்டில் நோயாளி இருந்தவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

முதலில் பார்த்தது திருச்சியில் ஒரு புரோக்கரிடம். பெட்ரோல் அம்பாசிடரில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் டாக்ஸிக்காரர்கள் நிறையப் பேர் இதைச் செய்தார்கள். டீசல் விலை அன்றைக்குப் பெட்ரோல் விலையில் பாதிகூட வராது. வாராவாரம் 160 கிலோமீட்டர் ஓடவேண்டிய எனக்கு ஆசை வந்தது நிஜம். ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டு, கண்ணாடி, சீட் எல்லாம் சேர்ந்து ஆடின. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் பெட்ரோல் என்றும், எஞ்சின் எண் பழைய எஞ்சினுடையது என்றும் இருந்தது. உள்ளே இருந்த எஞ்சினில் எண் வெட்டியிருக்க வேண்டிய இடம் அரம் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழவென்றிருந்தது. கேட்டதற்கு, "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றார் புரோக்கர். நான் பார்த்துவிட்டேனே! திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது வண்டி குளித்தலைப் பக்கம் ஒரு ரைஸ்மில்காரருடையது. 1984 மாடல் மார்க் 4. அவரிடம் காண்டஸா ஒன்றும் இருந்திருக்கிறது. அது ஒரு லாரியோடு மோதியதில் பின்பக்கம் முழுக்க நசுங்கிப் போக, எஞ்சின் மட்டும் அடிபடாமல் தப்பியது. வீட்டில் நின்றிருந்த அம்பாசிடரின் எஞ்சினோ புகை தள்ளிக்கொண்டிருந்தது. காண்டஸாவின் 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினையும், அதோடு வந்த ஐந்து கியர் பெட்டியையும் கழற்றி அம்பாசிடரில் வைத்துவிட்டார்.

கேட்பதற்கு ஒட்டு மாங்கன்று மாதிரி இருக்கும். ஆனால் அம்பாசிடரே வேறொரு இடத்திலிருந்து வந்த வண்டிதான். உடம்பு இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பல வருஷம் அதில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் அங்கிருந்து வந்ததே. அதே குடும்பத்து எஞ்சின் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். காண்டஸா எண்பதுகளில் வந்தபோது அந்தப் பெரிய உடம்புக்கும் இதே 1489 சிசியைத்தான் கொடுத்தார்கள். ஏற்றத்தில் பாவம், மூச்சு வாங்கும். பிறகுதான் ஜப்பான் இசுசு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனியே அந்த இசுசுவை அம்பாசிடரிலும் வைத்து விற்க ஆரம்பித்தது. ரைஸ்மில்காரர் செய்தது கம்பெனி செய்ததைத்தான். அதனால் மவுண்டிங், பிராக்கெட் போன்ற சாமான்கள் கடையிலேயே கிடைத்தன. மெட்டடோர் ஒட்டுக்கும் இந்த ஒட்டுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

வண்டியைப் பார்க்கக் கரூரிலிருந்து பாயை அழைத்துப் போனேன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பதினைந்து வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, தனியாக ஒர்க்‌ஷாப் வைத்தவர். முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. முன்னாலேயே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது, அதற்காக. ஒரே சாவியில் கிளம்பிவிட்டது. அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கக்கூட இல்லை, நேராக வண்டிக்கு அடியில் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, "கிராஸ் மெம்பர்ல வெட்டு எதுவும் இல்ல சார். மவுண்டிங் எல்லாம் போல்ட்டு போட்டுத்தான் நிக்குது, வெல்டிங் வெச்சு ஒப்பேத்தல" என்றார். வெல்டர் சொன்னதால் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "போறதுக்குப் பெரிய எஞ்சின் வெச்சுட்டாங்க. நிக்கறதுக்கு?" நாலு சக்கரத்திலும் 1984இல் வந்த அதே டிரம். பழைய எஞ்சினின் வேகத்துக்கு அது போதும். வேறு மாடல் எஞ்சின் என்றால் எல்லாரும் எஞ்சினையே பார்க்கிறார்கள். பிரேக், ரேடியேட்டர், முன்பக்க டார்ஷன் பார், பின்னால் கிரவுன் பினியன் இவையெல்லாம் பழைய எஞ்சினுக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை என்பது மறந்துவிடுகிறது. ஷூ, சிலிண்டர் எல்லாம் மாற்றி ஒரு வாக்குவம் பூஸ்டரும் வைக்க 4,000 ஆகும் என்று பாய் கணக்குச் சொன்னார். அதை விலையில் கழித்து 58,000 என்று பேசி முடித்தோம்.

ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது இன்னொன்று தெரிந்தது. முள் 50இல் நிற்கும்போது ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 வினாடி ஆனது. அப்படியென்றால் நிஜ வேகம் 60. கியர் பெட்டி காண்டஸாவுடையது, மீட்டர் அம்பாசிடருடையது. இரண்டுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. முன்சீட்டில் மூன்று பேர் உட்காரும் பழைய நீள சீட் அப்படியே இருந்தது, ஆனால் ஹேண்டில் கியர் போய்த் தரையில் கியர் வந்திருந்தது. நடுவில் உட்காருபவரின் முழங்காலைத் தட்டாமல் நாலாவது கியர் விழாது.

அடுத்து காகிதம். ரைஸ்மில்காரர் விபரமானவர். காண்டஸா விபத்தில் நஷ்டஈட்டு வழக்கு, இன்சூரன்ஸ் என்று இரண்டு வருஷம் அலைந்தவர். அதனால் எஞ்சினை மாற்றும் முன்பே பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பதிவுப் புத்தக விவரத்துக்கு மாறாகப் போகும் எந்த மாற்றமும் அனுமதியோடுதான் செய்யவேண்டும். 2000இல் அந்தப் பிரிவைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். காண்டஸாவின் ஆர்.சி.யைத் திருப்பி ஒப்படைத்த ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தார். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அம்பாசிடரின் ஆர்.சி.யில் புது எஞ்சின் எண் சிவப்பு மையில், முத்திரையோடு எழுதப்பட்டிருந்தது. பிளாக்கில் எண் வெட்டிய இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கடைசிக்கு முந்தின எண் எஞ்சினில் 8. புத்தகத்தில் 3.

பெயர்த்து எழுதியவர் கை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். ரைஸ்மில்காரர் சிரித்தார். "ஒரு நம்பர்தானே தம்பி? எட்டையும் மூணையும் எவன் பாக்கப் போறான்?"

"ஐயா, நாளைக்கு ரோட்டுல ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் பாப்பான். உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

அவர் பேசாமல் இருந்தார். திருத்தம் அவர் பெயரில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். என் பெயருக்கு மாறிய பிறகு போய் நின்றால் எஞ்சினை மாற்றியது நான் என்றாகிவிடும். திருத்திக் கொடுத்த அன்றைக்கே முழுப் பணமும் தருவதாகச் சொல்லி 1,000 ரூபாய் மட்டும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் ஆனது. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, எஞ்சின் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் பிரிண்ட் எடுத்து, பழைய மனுவைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போடுகிறவர் லீவு முடிந்து வந்து... நடுவில் ஒருவர் முழுப் பணத்தோடு ரைஸ்மில்காரரிடம் வந்து, எட்டோ மூணோ எனக்குக் கவலையில்லை என்றாராம். "நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க தம்பி" என்று போன் வந்தது. அந்த மூன்று வாரமும் அப்பா பஸ்ஸில்தான் வந்தார். அவரைத் தூக்கி ஏற்றும்போது அவருடைய வேட்டியை ஒருவர் சரிசெய்துவிட, அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அன்றிரவு மனைவி, "எடுத்துட்டு வந்துடுங்களேன், அப்புறமா சரி பண்ணிக்கலாம்" என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா இடது கையை ஆட்டினார். வாயைக் கோணி, கஷ்டப்பட்டு, "புக்கு... புக்கு முக்கியம்" என்றார். தினமும் காலையில் பர்மிட், இன்சூரன்ஸ், டிரிப் ஷீட் எல்லாம் சரிபார்த்த பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டவர் அவர்.

ரைஸ்மில்காரருக்கு வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டேன். என்ன நினைத்தாரோ, வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை 3 அடிக்கப்பட்டு, 8 எழுதப்பட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்தோடு ஆர்.சி. வந்தது. வங்கிக் கடனும் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

பாய் பிரேக் வேலையை முடித்ததும் அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து லாலாப்பேட்டை வரை ஓட்டினோம். மாயனூர் தாண்டும்போது அப்பா இடது கையால் தரையைத் தட்டித் தட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பாய் வண்டியை ஓரம் கட்டி அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டார். "புரொப்பல்லர்" என்கிறார். கியர் பெட்டியின் நீளம் வேறு என்பதால் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அது பேலன்ஸ் ஆகவில்லை. 60க்கு மேல் போனால் மெல்லிய அதிர்வு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பாய்க்கும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியவில்லை. "பெரியவருக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று பாய் கேட்டதற்கு அப்பா தன் இடது பாதத்தைக் காட்டினார். திருச்சியில் கொடுத்துப் பேலன்ஸ் பண்ணி வாங்கினோம்.

அதற்கப்புறம் வண்டி பெரிதாகத் தொல்லை தரவில்லை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் கொடுத்தது. மாதம் பிறந்தால் பெட்ரோல் பில் வயிற்றைக் கலக்கும். சித்திரை வெயிலில் திருச்சி ஊருக்குள் நின்றால் சூடு ஏறும், அதற்கு ரேடியேட்டரைப் பெரிதாக்கினோம். திருச்சி ரோட்டில் பழைய பஸ்காரர்கள் ஹார்ன் அடித்துப் போவார்கள். அப்பா ஜன்னல் வழியாக இடது கையைக் கொஞ்சம் தூக்குவார்.

அப்பா 2001இல் தவறினார். 2004இல் என்னை வெளியூருக்கு மாற்றினார்கள், வண்டியைக் கொடுத்துவிட்டேன். மணப்பாறைப் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்கினார். அவரிடம் ஆர்.சி.யோடு பழைய அனுமதிக் கடிதம், காண்டஸா ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். மீட்டர் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.