எண்ணெய்ப் பிசுக்கும் என் வேதியியலும்

ஆம்பூர் என்றதும் நாட்டுக்கு நினைவு வருபவை இரண்டு: ஒன்று தோல், மற்றொன்று பிரியாணி. பிரியாணியைப் பாட ஆயிரம் பேர் உண்டு. நான் எழுத எடுத்துக்கொண்டதோ, மாலை வேளைகளில் கடை வாசலில் நின்று கோழியைச் சுழற்றிச் சுழற்றிச் சுடும் கிரில் பெட்டியைப் பற்றி. அதிலும், கடை அடைத்த பிறகு அதைத் துலக்கும் வேலையைப் பற்றி. இதில் என்ன சுவை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே! நான் கல்லூரிக்கு வருவதே அந்தப் பெட்டியின் தயவில்தான்.

என் தாத்தா தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைத்தவர். அப்பாவும் பல ஆண்டுகள் அதே வேலைதான். தோலிலிருந்து முடியை நீக்கப் போடும் சுண்ணாம்பு, தோலைப் புரட்டுகிறவன் கையையும் விட்டுவைப்பதில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்த பிறகு, கடன் வாங்கிச் சாலையோரம் இந்தக் கடையைப் போட்டார். அம்மா இன்றும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

பெட்டியின் உள்ளே எவர்சில்வர் தகடு, முன்புறம் கண்ணாடி, நடுவில் கோழிகளைக் கோத்த கம்பிகள், பின்புறம் பர்னர்கள், அடியில் கொழுப்பு சொட்டும் அலுமினியத் தட்டு. தெறிக்கும் கொழுப்பு சூட்டில் இறுகிக் கருநிறப் பிசினாகிவிடும். வெளியில் நிற்பதால் சாலைப் புழுதியும் அதன்மேல் வந்து ஒட்டும். ஆறிப்போனால் சுரண்டினாலும் வராது. வெதுவெதுப்பு இருக்கும்போதே கை வைத்துவிட வேண்டும்.

ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று அப்பா காஸ்டிக் சோடா வாங்கி வந்துவிட்டார். அலுமினியம் அதில் கரைந்து ஹைட்ரஜனை வெளியிடும் என்று படித்தவனல்லவா நான்?

"வேணாம்பா. தட்டு அரிச்சுப் போயிடும். கையும் போயிடும்" என்றேன்.

"கையா? அது சுண்ணாம்புலயே போயிடுச்சுடா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பிரியாணிக் கடை ஒன்றிலிருந்து விறகுச் சாம்பல் கேட்டு வாங்கி வந்தேன். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. அந்தக் காரம் கொழுப்பில் ஒரு பகுதியைச் சோப்பாக்கிப் பிடிப்பைத் தளர்த்தும். தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் கம்பிகள் பளபளக்கும். அலுமினியத் தட்டுக்கு மட்டும் வெந்நீரும் சோப்பும். "இதத்தானே உங்க பாட்டி பண்ணுவாங்க, இதுக்கு பி.எஸ்சி.யா?" என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்விதான்!

பர்னரில் நீர் படக் கூடாது. அதன் முகப்பு நுண்துளைகள் நிறைந்த பீங்கான் ஓடு. ஈரத்தோடு சூடேறினால் விரிசல் விடும். உலர்ந்த பிரஷால் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். ஓடு முழுதும் ஒரே சீராகச் சிவந்து ஒளிர்ந்தால் நலம். மஞ்சள் சுடர் எழுந்தால் காற்று போதவில்லை என்று பொருள். கார்பன் முழுமையாக எரியாமல் கரியாகக் கோழியில் படியும். கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். சூடு ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத்துக் கறி வேகாது. கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியசைத் தொட்டால்தான் கிருமிகள் மடியும். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்த செய்தியைப் படித்த நாள் முதல் எனக்கு இதில் அச்சம் அதிகம். எங்கள் கடைக்கும் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.

நான் நாரை எடுத்தாலே அப்பாவுக்குப் பிடிக்காது. "படிக்கிற கைடா. போய் எழுது, போ" என்பார். போக மாட்டேன். இருவருமாகச் செய்தால் ஒரு மணி நேரம் மிச்சம், அவர் தூங்கலாம்.

எரிவாயுதான் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். அவற்றுக்கு வாசனையில்லை என்பதால்தான் நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். ஆனால் மசாலாப் புகையில் நிற்பவர் மூக்குக்கு அது எட்டுமா? எங்கள் 19 கிலோ சிலிண்டரின் டியூப், வளையும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் விட்டிருந்தது. அப்பாவின் விரல்களைப் போலவே. மாற்றச் சொன்னால், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதே பதில்.

தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. சென்ற மாதப் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள டியூப் ஒன்று வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"புஸ்தகக் காசாச்சேடா" என்றார்.

பதில் சொல்லாமல் பழையதைக் கழற்றினேன். புதியதை அவரே மாட்டினார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட எழவில்லை.